நாயகன் எந்த இடத்தில் மாறுகிறான்: காட்பாடியில் இரண்டு நாள் திரைக்கதைப் பட்டறை

திரைக்கதையின் முதல் காட்சியை எழுதுவதற்கு முன்பே கதாநாயகனுடைய மாற்றத்தைத் திட்டமிட்டுக்கொள்வது எப்படி என்ற ஒன்றை மட்டும் பாடமாக வைத்து, காட்பாடி காந்தி நகரில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் சென்ற கோடையில் நடந்த இரண்டு நாள் பட்டறைக்குப் போய்வந்தேன். கட்டணம் 2,500 ரூபாய். மதிய உணவும் ஒரு பயிற்சி ஏடும் அதில் அடக்கம். குடியாத்தத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர், ஆம்பூர் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் இரண்டு நண்பர்கள், பொறியியல் மாணவர்கள் சிலர், ஆரணிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என ஏறக்குறைய முப்பது பேர் வந்திருந்தார்கள். நான் ராணிப்பேட்டைக்காரன், கணக்கெழுதிப் பிழைப்பவன், ஆறு ஆண்டுகளாக ஒரே கதையைத் தூக்கிக்கொண்டு அலைபவன். பட்டறையைப் பற்றி என்ன சொன்னாலும் அந்த ஆறு ஆண்டு அலைச்சலிலிருந்துதான் சொல்ல முடியும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நடத்தியவர் கோடம்பாக்கத்தில் நெடுங்காலம் உதவி இயக்குநராக இருந்தவர். திரையைக் கீழிறக்கிப் படம் போட்டுப் பாடம் நடத்துவார் என்று எதிர்பார்த்திருந்த எங்களிடம், ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அவரவர் கதையின் கடைசிக் காட்சியை எழுதித் தரச் சொன்னார். எழுதி முடித்ததும் அதை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னொரு தாளில் ஒரே ஒரு கேள்விக்கு விடை கேட்டார்: முதல் காட்சியில் இந்த மனிதனால் செய்ய முடியாத எந்தக் காரியத்தைக் கடைசிக் காட்சியில் செய்கிறான்? நாங்கள் எழுதியவை எல்லாம் ஒரே மாதிரியாக இருந்தன. தைரியசாலி ஆகிறான், அன்பின் அருமையைப் புரிந்துகொள்கிறான், தன்னலத்தை விடுகிறான். அவர் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துவிட்டு, இதைக் கேமரா எங்கே வைத்து எடுப்பது என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். ஐந்தாறு தாள்கள் ஆவதற்குள் மற்றவர்கள் தாங்களாகவே தங்கள் தாளை அடித்துத் திருத்தத் தொடங்கிவிட்டார்கள். நானும் அடித்தேன்.

என் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் இந்தப் பயிற்சியின் பயன் விளங்கும். நாயகன் சம்பத்து, 1995-இல் பாலாற்றங்கரையில் உள்ள ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் மேற்பார்வையாளன். கழிவுநீர் தொட்டியிலேயே தேங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு மாலையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவது அவன் வேலைகளில் ஒன்று. இரவில் அந்த நீர் ஓடைக்குத் திறந்துவிடப்படுவது அவனுக்குத் தெரியும். கடைசியில் அவன் உண்மையைச் சொல்கிறான். இதுவரை நான் எழுதிய மூன்று வடிவங்களிலும் அவன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று ஒன்றரைப் பக்கம் பேசுவான். பட்டறையில் எழுதிய இரண்டாம் தாளில் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, அதே பதிவேடு, அதே மேசை, அதே பேனா. இந்த முறை அவன் தொட்டியின் அளவைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து உள்ள எண்ணை எழுதுகிறான் என்று வைத்தேன். ஒரு வசனமும் தேவைப்படவில்லை. முதல் காட்சியில் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டவன் இப்போது பேனாவை மூடி வைத்துவிட்டு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறான் என்பதே போதுமானதாக இருந்தது.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு நல்ல குறுக்குவழி என்று மட்டும் சொல்லியிருப்பேன். பட்டறையின் உண்மையான மதிப்பு பிற்பகலில் தெரிந்தது. நாயகன் வேண்டுவது ஒன்று, அவனுக்குத் தேவைப்படுவது இன்னொன்று, இந்த இரண்டுக்கும் நடுவில் அவன் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பொய் நிற்கிறது என்பது திரைக்கதை கற்றுக்கொடுக்கும் எல்லா இடங்களிலும் சொல்லப்படுவதுதான். இவர் அதைச் சொல்லிவிட்டு நகராமல், ஒவ்வொருவரையும் எழுப்பி அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று குடைந்தார். சம்பத்து ஏன் பொய்யெழுதுகிறான் என்று என்னைக் கேட்டபோது, வேலை போய்விடும் என்ற பயத்தால் என்றேன். "வேலை போற பயம் எல்லாருக்கும் இருக்குது தம்பி, இவனுக்கு மட்டும் என்ன இருக்குது?" என்றார். பதில் இல்லாமல் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து, வேறொருவர் கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, எனக்குப் பிடிபட்டது: சம்பத்தின் தாயாருடைய மருத்துவச் செலவை முதலாளி ஏற்றிருக்கிறார். அவன் கையெழுத்திடுவது பயத்தால் நிகழ்வதாக இல்லை, நன்றியால் நிகழ்கிறது. உண்ட வீட்டுக்கு எதிராக வாய் திறக்காமல் இருப்பதே விசுவாசம் என்பது அவன் நம்பும் பொய். அந்த நொடியிலிருந்து முதலாளி வில்லனாக இருக்க முடியாது என்பதும், அவர் நல்லவராக இருக்க இருக்கத்தான் சம்பத்தின் முடிவுக்கு விலை ஏறும் என்பதும் தாமாகவே வந்து விழுந்தன. ஆறு ஆண்டுகளில் எனக்குக் கிடைக்காதது அது.

இன்னொரு சிக்கலையும் அவர்தான் கண்டுபிடித்தார். தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றதும், அன்றைய வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததும் அந்தத் தீர்ப்பில்தான். என் கதையில் தீர்ப்பு வந்த செய்தியைக் கேட்ட பிறகு சம்பத்துக்கு மனம் மாறும். வரலாற்றோடு ஒட்டிப் போகிறதே என்று அந்த இடத்தில் எனக்குப் பெருமைகூட இருந்தது. தீர்ப்பே அவன் வேலையைச் செய்துவிட்டால் அவன் எதற்கு என்று அவர் கேட்டபோது, அந்தப் பெருமை போய்விட்டது. வெளியே நடக்கும் பெரிய நிகழ்ச்சி நாயகனுக்கு நெருக்கடியைக் கொடுக்கலாம். முடிவை அவனுக்காக எடுத்துவிடக் கூடாது. இப்போது சம்பத்து உண்மையை எழுதுவது தீர்ப்புக்கு மூன்று மாதங்கள் முன்பு, எவரும் அவனைக் காப்பாற்றுவார் என்ற உறுதி இல்லாத ஒரு மே மாதத்தில்.

இரண்டாம் நாள் முழுவதும் மாற்றத்தைப் படிகளாகப் பிரிப்பது பற்றியது. பழக்கத்தில் ஊறிய நிலை, முதல் உறுத்தல், உறுத்தலை மறைக்கும் முயற்சி, அரைமனதான ஒரு நல்ல காரியம், அதற்குக் கிடைத்த அடி, பழைய நிலைக்கே திரும்பி ஓடுதல், திரும்ப முடியாத தேர்வு, புதிய மனிதனாக ஒரு செயல் என்று பயிற்சி ஏட்டில் எட்டுக் கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எதிரே பக்க எண் அச்சிடப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் ஒரு நிமிடம், மொத்தம் 120 பக்கம் என்ற கணக்கு. இவற்றில் ஆறாவது கட்டத்தை, அதாவது பழைய நிலைக்கே திரும்பி ஓடுவதை, எவரும் நிரப்பாமல் விட்டிருந்தோம். மாறத் தொடங்கியவன் நேர்கோட்டில் மாறிக்கொண்டே போவான் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பது அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

குறை இங்கேதான் தொடங்குகிறது. அந்த எட்டுக் கட்டங்களில் இடைவேளை இல்லை. தொடக்கம், நடு, முடிவு என்று கதையைப் பிரிக்கும் வெளிநாட்டு மூன்று அங்க அமைப்பை அப்படியே எடுத்து அச்சடித்திருக்கிறார்கள். நம் திரையரங்கில் படத்தின் நடுவில் விளக்கு எரிகிறது. மக்கள் எழுந்து போய் டீ குடித்துவிட்டு, பப்ஸ் வாங்கிக்கொண்டு, நாயகன் என்ன செய்வான் என்று பேசிவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தப் பதினைந்து நிமிடப் பேச்சைத் திட்டமிடாமல் தமிழில் மாற்றத்தைத் திட்டமிட முடியாது. அறிதலும் திருப்பமும் ஒரே நேரத்தில் நிகழ்வதே சிறந்தது என்று அரிஸ்டாட்டில் நாடகத்துக்குச் சொன்னார். நம் இடைவேளை அந்த இரண்டையும் பிரித்துப் போடும் வசதியைத் தருகிறது: உண்மை தெரிவது இடைவேளைக்கு முன், தெரிந்த உண்மைக்கு ஏற்ப அவன் நடந்துகொள்வது வெகுநேரம் கழித்து. தெரிந்தும் செய்யாமல் இருக்கும் அந்த நடுப்பகுதிதான் பிற்பாதி தொய்யாமல் இருக்க நம்மிடம் உள்ள சரக்கு. குடியாத்தம் நண்பர் இதைக் கேட்டபோது, பட்டறை நடத்தியவர் இன்டர்வெல் பிளாக், அதாவது இடைவேளைக்குக் கொண்டுபோய் விடும் காட்சி, பற்றிப் பத்து நிமிடம் நன்றாகவே பேசினார். பேசத் தெரிந்தவர் அதை ஏட்டில் ஏன் சேர்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இதைவிடப் பெரிய குறையை ஆரணி ஆசிரியர் வெளியே கொண்டுவந்தார். இளம் வயதில் தெருக்கூத்தில் வேடம் கட்டியவராம். கர்ணனை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டார். தான் குந்தியின் மகன் என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. எதிரே நிற்பவர்கள் தம்பிகள் என்பதும் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் செஞ்சோற்றுக் கடனுக்காகத் துரியோதனன் பக்கமே நின்று சாகிறான். எட்டுக் கட்டங்களில் ஏழாவதும் எட்டாவதும் அவனுக்குக் காலி. நடத்துநர் அதை மாறாத நாயகன் என்ற வகையில் சேர்த்து, தன்னைச் சுற்றியுள்ளவர்களை மாற்றுபவன் என்று ஒரு விளக்கம் கொடுத்துவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போகப் பார்த்தார். ஆசிரியர் விடவில்லை. "கர்ணன் மாறமாட்டான்னு ஊருக்கே தெரியும் சார். தெரிஞ்சும் விடிய விடிய உக்காந்து, இன்னிக்காவது மாறிடமாட்டானான்னு பாக்கறாங்க. மாறிட்டான்னா ராத்திரி ரெண்டு மணிக்கே கூத்து முடிஞ்சிடும்" என்றார். மண்டபமே சிரித்தது, நடத்துநரும் சிரித்தார், ஆனால் பதில் வரவில்லை.

அது பதில் தேடவேண்டிய கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன். பழைய வடாற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்து பார்த்து வளர்ந்த எவருக்கும், மாற்றம் என்பது மனம் திருந்துவது மட்டுமில்லை என்று தெரியும். சபையில் அவிழ்ந்த கூந்தலைத் துரியோதனன் வீழ்ந்த படுகளத்தில்தான் திரௌபதி முடிகிறாள். அவள் எண்ணத்தில் எந்தத் திருத்தமும் நிகழவில்லை; அவள் இட்ட சபதம் நிறைவேறி, அவள் நிலை மாறுகிறது; அந்த மாற்றம் முழுவதும் ஒரு கூந்தலில் தெரிகிறது. நடத்துநர் முதல் நாள் காலையில் எங்களிடம் கேட்ட கேமரா கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடை உண்டா? கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இந்த எடுத்துக்காட்டுகளை விட்டுவிட்டு, வேலூரில் வந்து வேறெங்கோ உள்ள பக்கக் கணக்கை நடத்துவது வீண். என் சம்பத்துகூடக் கர்ணனின் பங்காளிதான் என்பது அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. செஞ்சோற்றுக் கடனைத் தீர்ப்பவனைப் போற்றிப் பழகிய பார்வையாளர்கள் முன்னால், அதை மீறுகிறவனை நாயகனாக நிறுத்தப் போகிறேன் என்றால், முதல் பாதியில் அவன் பட்ட கடனை அவர்களும் பட்டதாக உணர வேண்டும்.

பயிற்சி ஏட்டைப் பற்றி இன்னும் ஒன்று. 48 பக்கம், சுருள்கம்பிக் கட்டு, நல்ல தாள். ஆனால் தமிழ் மோசம். பாத்திரத்தின் மாற்றத்துக்கு, 'கேரக்டர் ஆர்க்' என்ற ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து, பக்கத்துக்குப் பக்கம் 'கதாபாத்திர வளைவு' என்று போட்டிருக்கிறார்கள். ஏலகிரி மலைப்பாதையில்தான் வளைவுகள் உண்டு என்று ஆம்பூர் நண்பர் ஒருவர் முணுமுணுத்தார். கதை விவாதத்தில் உட்கார்ந்தவர்கள் 'கேரக்டர் கிராஃப்' என்பார்கள், அல்லது ஆள் எப்படி மாறுகிறான் என்று நேரடியாகக் கேட்பார்கள். நடத்துநரும் வாய்ப்பேச்சில் அப்படித்தான் கேட்டார். எழுதும்போது மட்டும் அந்தப் பேச்சு எங்கே போய்விடுகிறது என்று தெரியவில்லை. கட்டங்களும் மிகச் சிறியவை. ஒரு கட்டத்தில் இரண்டு வரிக்கு மேல் எழுத முடியாது. நான் தனி நோட்டில்தான் எழுதினேன்.

இடமும் ஏற்பாடும் சுமார். அக்கினி நட்சத்திர நாள்களில் தகர மேற்கூரைக்குக் கீழே முப்பது பேரை உட்கார வைத்ததை மன்னிப்பது கடினம். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது; கத்தரிக்காய் காரக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

உண்மையான மனக்குறை பட்டறை முடிந்த பிறகு ஏற்பட்டது. நிரப்பிய திட்டத்தை ஒரு பக்கமாக எழுதி அனுப்பினால் பத்து நாள்களுக்குள் கருத்து எழுதி அனுப்புவதாகக் கட்டணத்தோடு சேர்த்தே உறுதி சொல்லியிருந்தார்கள். நான் அனுப்பி ஐந்து வாரங்கள் கழித்து, இரண்டு முறை நினைவூட்டிய பிறகு, நான்கு வரிகள் வந்தன. உங்கள் நாயகனின் மாற்றம் நம்பும்படி உள்ளது, இன்னும் அழுத்தம் தரலாம், வாழ்த்துகள். குடியாத்தம் நண்பருக்கும் அதே நான்கு வரிகள் வந்திருந்தன. அவர் கதை ஒரு பேய்க்கதை. நேரில் அவ்வளவு கூர்மையாகக் கேட்டவர் எழுதிய வரிகள் அவை என்று நம்ப முடியவில்லை. வேறு யாரோ எழுதி அனுப்பியிருக்கலாம். அந்த வாக்குறுதியை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு, கையில் ஒரு கதை இருந்து அது நகராமல் நிற்பவர்களுக்கு 2,500 ரூபாய் நட்டமில்லை என்றே சொல்வேன். கதையே இல்லாமல் வந்த மாணவர்கள் இரண்டாம் நாள் மதியமே கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கு இது உதவாது. அடுத்த பட்டறை ஆடி மாதம் என்றார்கள். போகிறவர்கள் கடைசிக் காட்சியை வீட்டிலேயே நன்றாக யோசித்து எழுதிக்கொண்டு போகலாம். முதல் நாள் காலையில் வாங்கி வைத்துக்கொள்ளும் அந்தத் தாளை இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்குத்தான் திருப்பித் தருகிறார். சம்பத்து ஊர்க் கூட்டத்தில் பேசிய அந்த ஒன்றரைப் பக்கத்தை, காட்பாடியிலிருந்து வாலாஜா ரோடு வரும் ரயிலில் நின்றுகொண்டே படித்துப் பார்த்தேன். முகுந்தராயபுரம் தாண்டுவதற்குள் மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.