விதிப்படி வைக்கலாமா, வைக்கவே கூடாதா: வன்னி நிலத்தில் வைத்துப் பார்த்த இரண்டு மிதிவெடி ஒப்பந்தங்கள்

மிதிவெடி பற்றி உலகில் இரண்டு சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்று "வைக்கலாம், ஆனால் இப்படித்தான் வைக்க வேண்டும்" என்கிறது. மற்றது "வைக்கவே கூடாது, இருப்பதையும் அழித்துவிடு" என்கிறது. முதலாவது, மரபுசார் ஆயுதங்கள் பற்றிய ஜெனீவா உடன்படிக்கையின் திருத்தப்பட்ட இரண்டாம் நெறிமுறை (1996). இரண்டாவது, 1997 இன் ஒட்டாவா ஒப்பந்தம். இலங்கை இரண்டிலும் இருக்கிறது. ஜெனீவா உடன்படிக்கையில் 2004 செப்டம்பரில், போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த நேரத்தில் இணைந்தது. ஒட்டாவாவில் 2017 டிசம்பரில், போர் முடிந்து எட்டு வருடம் கழித்து இணைந்தது.

இரண்டிலும் இருக்கும்போது எதற்கு ஒப்பீடு என்று கேட்கலாம். 2025 இல் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகளும் ஒட்டாவாவிலிருந்து விலகுவதாக ஐ.நா.வுக்கு எழுதிக் கொடுத்தன. ரஷ்யாவிடமிருந்து தங்கள் எல்லையைக் காக்க மிதிவெடி வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். தடை என்பது அமைதியாக இருக்கிறவர்களின் ஆடம்பரம், ஒழுங்கான இராணுவத்துக்கு ஒழுங்கான விதி போதும் என்ற பழைய வாதம் அதோடு திரும்பவும் மேடை ஏறிவிட்டது. மேசையில் வைத்துப் பார்த்தால் அது நல்ல வாதம்தான். இலங்கையின் வடக்கில், போர் நடந்த வன்னியில் வைத்துப் பார்ப்போம்.

ஜெனீவா விதிகள் அசட்டை விதிகள் அல்ல. எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆட்களைக் குறிவைக்கும் மிதிவெடியில், உலோகம் தேடும் கருவி பிடிக்கிற அளவுக்கு இரும்பு இருக்க வேண்டும்: குறைந்தது 8 கிராம் இரும்புக்கு ஈடான சமிக்ஞை. தானாக அழியாத வகையை வைத்தால் அந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டு, அடையாளம் வைத்து, படையினர் கண்காணிக்க வேண்டும். எங்கே வைத்தோம் என்று வரைபடம் எழுதி வைக்க வேண்டும். சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி அகற்ற வேண்டும். இதோடு இன்னொரு நல்ல விஷயமும் உண்டு: உள்நாட்டுப் போரில் அரசு மட்டுமல்ல, மோதும் ஒவ்வொரு தரப்பும் இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டது என்று அது சொல்கிறது. ஒட்டாவாவில் கைச்சாத்திட அரசுகளுக்கு மட்டுமே இடம். இந்த இடத்தில் ஜெனீவாவுக்கு ஒரு புள்ளி கொடுத்தே ஆக வேண்டும், காகிதத்திலாவது.

முதலில் அந்த 8 கிராமைப் பார்ப்போம். ஏறக்குறைய ஒரு மூன்று அங்குல ஆணியின் எடை. வன்னியில் அகற்றும் அணிகள் திரும்பத் திரும்பத் தோண்டி எடுப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று இராணுவம் பயன்படுத்திய பாகிஸ்தான் தயாரிப்பான பி-4, உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் உடல், உலோகம் மிகக் குறைவு. மற்றது புலிகள் உள்ளூரில் செய்த ஜொனி, மரப்பெட்டி. 1997 க்கு முன் செய்த வெடிகளிலும் இரும்பைச் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் முடியாது என்று சொல்லும் நாட்டுக்கு ஒன்பது வருடம் வரை தவணையும் கொடுத்திருந்தார்கள். தவணை கேட்கவும் கொடுக்கவும் தெரிந்த அரசுகளுக்கு அது சரி. மரப்பெட்டியில் வெடி செய்யும் பட்டறைக்கு யார் போய்ச் சொல்வது?

இன்னொன்று, அந்த ஆணி இருந்திருந்தாலும் பெரிதாக உதவியிராது. முகமாலை, கிளாலி முன்னரங்கப் பக்கம் மண்ணில் ஷெல் சிதறலும் ரவைக் கோதும் அவ்வளவு கிடக்கின்றன. கருவியைப் பிடித்தால் அது ஓயாமல் கத்தும். அதனால்தான் அங்கே பல இடங்களில் கருவியை வைத்துவிட்டு இரும்பு வாரியால் வேலை செய்கிறார்கள். முகக்கவசமும் மார்புக் கவசமும் போட்டு, முழங்காலில் இருந்து, முன்னால் உள்ள மண்சுவரைப் பக்கவாட்டில் மெல்ல வாரி, பின்னால் இழுத்துக் கொட்டி, திரும்பவும் வாரி. காலை வெயில் ஏறும்முன் தொடங்கினால் மத்தியானத்துக்குள் ஒருவர் முடிப்பது ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் இருந்தால் பெரிய விஷயம். இந்த வேலையில் பெண்கள் நிறையப் பேர். குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள் பலர். பெட்டியின் பலகை உக்கிப்போய் மண்ணோடு மண்ணாகியிருக்கும், உள்ளே இருக்கிற வெடிமருந்து அப்படியே இருக்கும். ஒருவர் சொன்னார்: "பெட்டியைக் கண்டால் பயமில்லை அண்ணை. பெட்டி உக்கிப்போன இடம்தான் பயம்."

அடுத்தது வேலி. ஒப்பீட்டின் நடுநரம்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

நெறிமுறையின் ஐந்தாம் உறுப்புரை வேலியும் காவலும் கேட்கிறது. இடத்தைக் கைவிடும்முன் அகற்றச் சொல்கிறது. கூடவே ஒரு விலக்கும் வைக்கிறது. எதிரியின் படை நடவடிக்கையால் இடத்தைப் பலவந்தமாக இழந்து, அதனால் இந்த நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் போனால் குற்றமில்லை. சட்டம் எழுதுகிறவருக்கு இது நியாயமான விலக்கு. ஓடுகிற படையிடம் வேலியைப் பார் என்று சொல்ல முடியாதே. ஆனால் வன்னிப் போரின் வரலாறு முழுக்க இந்த விலக்குத்தான். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் விழுந்தது. 1997 மேயில் தொடங்கிய ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை, ஏ-9 வீதியை ஒட்டி மாங்குளம் வரை ஏறியது. 1999 நவம்பரில் சில நாட்களுக்குள் அந்தக் கோடு ஓமந்தைக்குக் கீழே சரிந்தது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்து, முன்னரங்கு முகமாலைக்குப் போனது. 2007, 2008 இல் எதிர்த்திசையில்: மன்னாரிலிருந்து புலிகள் பின்வாங்கப் பின்வாங்க ஒவ்வொரு மண்ணணைக்கு முன்னாலும் புதிய வெடி. ஒவ்வொரு முறையும் வைத்தவன் ஒருவன், அடுத்த மாதம் அங்கே நிற்பவன் இன்னொருவன், மூன்றாவதாக வருபவன் மாடு தேடி வருகிற பிள்ளை.

இலங்கை 2004 இல்தான் சேர்ந்தது, ஆகவே முன்னைய சம்பவங்களுக்கு விதி பொருந்தாது என்று சட்டத்தரணி ஒருவர் எழும்புவார். பொருந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே என் கேள்வி. ஒன்றும் ஆகியிராது. விலக்கு அவ்வளவையும் விழுங்கியிருக்கும். மிதிவெடி வைக்கிற இடமே படை பின்வாங்கக்கூடிய இடம்தான். தோற்கப் போகாத இடத்தில் யாரும் மிதிவெடி வைப்பதில்லை. விதி வேலை செய்ய வேண்டிய இடத்தில்தான் விலக்கும் வந்து குந்துகிறது.

வேலி நின்றாலும் எவ்வளவு காலம் நிற்கும்? முல்லைத்தீவுப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் இந்த விதியைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு. "தம்பி, காவல் எழும்பின அடுத்த கிழமையே உந்தக் கம்பி மாட்டுப்பட்டிக்கு வந்திடும்." குற்றமாகச் சொல்லவில்லை. மீள்குடியேறியவர்களுக்குத் தகரமும் தறப்பாளும் கொடுத்தார்கள், வேலிக்கம்பி கொடுக்கவில்லை. காணிக்கு வேலி வேண்டும், கம்பி அங்கே சும்மா நிற்கிறது.

வரைபடம் இன்னும் மோசம். இராணுவத்திடம் தன் வரிசைகளுக்குப் பதிவு இருந்தது. வரிசையாக வைத்தது வரிசையாக அகப்படும். மற்றத் தரப்பின் பதிவுகளோ 2009 மேயோடு கொடுக்க ஆளில்லாமல் போயின. பல இடங்களில் மிஞ்சியது அங்கு நின்றவர்களின் ஞாபகம் மட்டும்.

தானாக அழியும் 'புத்திசாலி' வெடி பற்றி விரைவில் சொல்லி முடிக்கலாம். விலகிய நாடுகளில் இப்போது அதிகம் கேட்கும் பேச்சு அது. நெறிமுறை கேட்பது இவ்வளவுதான்: 30 நாளில் பத்துக்கு ஒன்றுக்கு மேல் அழியாமல் இருக்கக் கூடாது, 120 நாளில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் இயங்கக் கூடாது. 10,000 வைத்தால் 1,000 வரை முழுசாக மண்ணில் கிடக்கலாம், அவற்றுள் சில உயிரோடும் இருக்கலாம். எந்தச் சில என்று தெரியாது. ஆகவே வாரி பிடிக்கும் பெண்ணுக்கு ஆயிரமும் உயிருள்ளதுதான்.

இனி ஒட்டாவா பக்கம். அதன் பலம் அது நல்ல மனதோடு எழுதப்பட்டது என்பதல்ல, திகதி போட்டு எழுதப்பட்டது என்பதே. சேர்ந்த நாடு கையிருப்பை நாலு வருடத்தில் அழிக்க வேண்டும். மண்ணில் உள்ளதைப் பத்து வருடத்தில் அகற்ற வேண்டும். வருடா வருடம் அறிக்கை கொடுக்க வேண்டும். காயப்பட்டவர்களின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் உதவ, முடிந்த நாடுகள் கடமைப்பட்டவை. இலங்கைக்கு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2018 ஜூன் 1. ஆகவே அகற்றி முடிக்கும் தவணை 2028 ஜூன் 1. உள்நாட்டிலும் 2022 இன் 3 ஆம் இலக்கச் சட்டம் மிதிவெடியைத் தடைசெய்திருக்கிறது. "தாமதமின்றி" என்று ஜெனீவா சொல்வதையும், நாள் மாதம் ஆண்டோடு ஒட்டாவா சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தச் சொல்லைக் காட்டிக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேள்வி கேட்கலாம் என்பது விளங்கும். தாமதமின்றி என்றால் எப்போது என்று கேட்டு யாரும் காணி வாங்கியதில்லை.

பணமும் இதோடு சேர்ந்தே வருகிறது. மிதிவெடி அகற்றும் வெளிநாட்டு அமைப்புகளான ஹலோ ட்ரஸ்ட், மாக், உள்ளூரின் டாஸ், ஷார்ப், இராணுவத்தின் அகற்றல் பிரிவு எல்லாம் இலங்கை ஒட்டாவாவில் சேருமுன்பே வேலை செய்தவைதான். ஒப்பந்தத்தில் சேராததால் யாரும் அகற்றாமல் விடவில்லை. ஆனால் ஜப்பான் மாதிரிக் கொடையாளர்களிடம் கை நீட்டும்போது முடிவுத் திகதி ஒன்று கையில் இருப்பது வேறு விஷயம். வேடிக்கை என்னவென்றால், உலக அளவில் மிதிவெடி அகற்ற அதிகம் பணம் கொடுத்து வந்த அமெரிக்கா ஒட்டாவாவில் இல்லை. பக்கத்து இந்தியாவும் இல்லை, ஜெனீவாவில் மட்டும் இருக்கிறது.

ஒட்டாவாவின் ஓட்டைகளை மறைக்கப் போவதில்லை. முதலாவது, ஆயுதக் குழுக்களுக்கு அதில் கதிரை இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப 'ஜெனீவா கோல்' என்ற அமைப்பு குழுக்களிடம் வாக்குறுதிப் பத்திரம் வாங்குகிறது. புலிகள் அதில் கைச்சாத்திடவில்லை. இலங்கை அரசும் போர்க்காலம் முழுக்க வெளியேதான் நின்றது. அவன் வைக்கும்வரை நானும் வைப்பேன் என்று இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டிருந்தால், அரசுகளுக்கு மட்டுமான தடை அந்த முடிச்சை அவிழ்க்காது.

இரண்டாவது, சிதறல்களை ஒரு திசையில் வீசும் கிளைமோர் வெடி. ஆள் மிதித்தோ தொட்டோ வெடிப்பதைத்தான் ஒட்டாவா தடை செய்கிறது. ஒளிந்திருந்து ஆள் அழுத்தி வெடிக்க வைப்பதை அல்ல. வன்னியில் கிளைமோர் என்றால் பிள்ளைக்கும் தெரியும். 2006 ஜூனில் கெப்பித்திகொல்லாவவில் பஸ்ஸில் போன 60 க்கும் மேற்பட்ட சிங்களப் பொதுமக்கள் கிளைமோரில் செத்தார்கள். 2008 ஜனவரியில் மடுப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் இருந்த பஸ்ஸும் கிளைமோரில் சிக்கியது. பொதுமக்களைத் தாக்குவது வேறு சட்டங்களின்படி குற்றம்தான். ஆனால் அந்த ஆயுதம் ஒட்டாவாவின் பட்டியலில் வராது. டாங்கிக்கு எதிரான வெடிகளும் வராது, அவை உழவு மெசினுக்கும் வெடிக்கும் என்றாலும். இவை இரண்டையும் பற்றிப் பேசுவது ஜெனீவா நெறிமுறைதான். ஆகவே தடை இருக்கிறதே என்று அதைத் தூக்கி எறியவும் முடியாது. ஆட்களுக்கான மிதிவெடிக்கு ஒட்டாவா, மற்றதற்கு ஜெனீவா: இலங்கை இரண்டிலும் நிற்பது தற்செயலாகவாவது சரியான இடம்.

மூன்றாவது, ஆறு மாத அறிவித்தல் கொடுத்தால் விலகலாம். போரில் மாட்டியிருக்கும்போது கொடுத்தால் போர் முடியும்வரை அது செல்லாது. பால்டிக் நாடுகள் போர் வரும்முன் விலகியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உக்ரேன் 2025 இல் ஒப்பந்தத்தை 'இடைநிறுத்துவதாக' அறிவித்தது. அப்படி ஒரு கதவே ஒப்பந்தத்தில் இல்லை. விலகிய நாடுகளுடைய பயத்தை நான் சின்னதாகப் பார்க்கவில்லை. பக்கத்தில் ரஷ்யா நின்றால் நானும் என்ன சொல்வேனோ தெரியாது. ஆனால் அவர்கள் சொல்வது வேலி, வரைபடம், கண்காணிப்பு எல்லாம் உள்ள ஒழுங்கான மிதிவெடி வயல். தங்கள் எல்லை அசையாது என்று நினைத்து எழுதிய திட்டம் அது. எல்லை ஒருமுறை அசைந்தால் அதற்குப் பிறகு வரைபடம் யாருடைய சட்டைப்பையில் இருக்கும் என்பதை ஓமந்தையிலோ முகமாலையிலோ கேட்டுப் பார்க்கலாம்.

2028 இன் தவணைக்குள் முடியாவிட்டால் இலங்கை நீடிப்புக் கேட்கலாம். ஒருமுறைக்குப் பத்து வருடம் வரை கொடுக்க ஒட்டாவா இடம் வைத்திருக்கிறது. ஆனால் சும்மா கொடுக்காது. ஏன் முடியவில்லை, இதுவரை என்ன செய்தாய், மீதிக்கு எவ்வளவு பணமும் கருவியும் இருக்கின்றன, முடியாமல் கிடப்பதால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று எழுதி மற்ற நாடுகளின் முன் வைக்க வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் கொழும்பில் இல்லை. காணி விடுபடாதவர்கள், பாலைப்பழத்துக்கும் விறகுக்கும் சிவப்பு மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைத் தாண்டாமல் திரும்பி வருபவர்கள், 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டச் செயலகத்தில் இப்போதே ஒரு விண்ணப்பம் போடலாம்: எங்கள் கிராமசேவையாளர் பிரிவில் எத்தனை சதுர மீற்றர் மீதி, எந்த வருடத் திட்டத்தில் இருக்கிறது, எந்த அணி பொறுப்பு.