பழைய பிக்கப் வாங்குகிறீர்களா? கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள்

எலெக்ட்ரிக் கிடாருக்குப் பழைய பிக்கப் (தந்திக்குக் கீழே இருந்து அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தப் பகுதி) வாங்கி மாட்ட நினைப்பவர்கள் காசைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். முதலில் விற்றவரிடம், அப்புறம் பொருத்திக்கொடுத்த கடையில். முதல் ஆள் செய்தது ஏமாற்று, கடை செய்தது அலட்சியம். எனக்குக் கடை மேல்தான் கோபம் அதிகம்.

என்னிடம் இருப்பது கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் மாடல் வடிவத்தில் ஒரு மலிவான கிடார். இரண்டு பிக்கப்புகளில், பிரிட்ஜ் பக்கம் (தந்திகள் உடலில் முடியும் இடம்) இருப்பதன் சத்தம் மந்தமாக இருந்ததால் அதை மட்டும் மாற்றலாம் என்று தேடினேன். பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் 'சீமோர் டங்கன் ஹம்பக்கர், 5,500 ரூபாய்' என்று ஒரு விளம்பரம். சீமோர் டங்கன் பெயர்பெற்ற பிக்கப் கம்பெனி, ஹம்பக்கர் இரண்டு கம்பிச் சுருள் (காயில்) கொண்ட பிக்கப் வகை. முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தார்கள். பின்பக்கத் தகட்டையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "ஒரிஜினல்தான் ப்ரோ, என் கிடார்ல இருந்து கழட்டினது, நாலு கலர் வயர் இருக்கு பாருங்க" என்று பதில் வந்தது. படம் வரவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆசை விடவில்லை, பணத்தை அனுப்பிவிட்டேன்.

பார்சலைப் பிரித்தால் பின்னால் எந்தப் பெயரும் இல்லை. ஸ்டிக்கரை உரித்த பசைத் தடம் மட்டும் இருந்தது. சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என நாலு கம்பிகள், கூடவே உறையில்லாத கம்பி ஒன்று. விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். அன்று மாலையே என்னை பிளாக் செய்துவிட்டார். சரி, பெயர் என்னவாக இருந்தால் என்ன, சத்தம் வந்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, இசைக்கருவி விற்று ரிப்பேரும் பார்க்கும் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். "டங்கன்னு சொல்லித்தான் வித்தாங்க, ஆனா எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று அங்கே தெளிவாகவே சொன்னேன். கூலி 1,500 ரூபாய்.

இரண்டு நாள் கழித்துக் கிடாரை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபயரில் (ஆம்ப்) சொருகினால், தகர டப்பாவுக்குள் ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். கனமே இல்லை. கீழ்ச்சுரங்கள் காணாமல் போயிருந்தன. அதைவிட மோசம், வாசிக்காமல் சும்மா இருக்கும்போதே 'ம்ம்ம்' என்று இரைச்சல். இரைச்சலை அடக்கத்தான் ஹம்பக்கர் என்ற பொருளே பிறந்தது!

திரும்பவும் கடைக்குப் போனேன். முதலில் "உங்க வீட்டு எர்த் சரியில்ல தம்பி" என்றார்கள். கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப்புக்கு ஸ்விட்சைப் போட்டால் இரைச்சல் இல்லையே என்றேன். டெக்னீஷியன் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார்: மின்தடை 8.1 கிலோ ஓம். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காயில்களையும் தட்டினார், ஆம்பில் இரண்டுமே 'டொக் டொக்' என்றன. "மீட்டர் பொய் சொல்லாது. ரெண்டு காயிலும் உயிரோடதான் இருக்கு. பிக்கப்பே இப்படித்தான்." பக்கத்தில் இருந்த இன்னொருவர், ஃப்ளீட்வுட் மேக் குழுவின் கிடாரிஸ்ட் பீட்டர் கிரீனின் டோன் இதுதான், இதற்காகவே ஆட்கள் காசு செலவழிக்கிறார்கள் என்றார். பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பாலில் ஒரு பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்தது. அந்த மூக்கடைத்த சத்தம் இரண்டு பிக்கப்பும் சேரும் நடு நிலையில் மட்டும்தான் வரும், ஒற்றைப் பிக்கப்பில் வராது. இது எனக்கு அப்போது தெரியாது. தலையாட்டிவிட்டு, புதுப் பிக்கப் ஆர்டர் செய்ய 2,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டு வந்தேன்.

வந்த பிறகுதான் மண்டையைக் குடைந்தது. ரிச்சி தெருவுக்குப் போய் முள் மீட்டர் ஒன்றும், பிடி கொஞ்சம் வசதியான 40 வாட் சால்டரிங் அயர்னும் வாங்கி வந்தேன்.

விஷயம் இதுதான். ஹம்பக்கரில் இரண்டு காயில்கள். ஒன்றன் காந்த முனை வடக்கு, மற்றதன் முனை தெற்கு. கம்பிச் சுருளின் திசையையும் எதிரெதிராக இணைப்பதால் தந்தியின் ஒலி கூடுகிறது, வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகிறது. கிப்சனில் இருந்த செத் லவர் இதற்கு 1955-ல் விண்ணப்பித்து 1959-ல் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்துப் பிக்கப்பில் வெளியே வந்தது ஒரே கம்பி, சுற்றிலும் பின்னல் உறை. தப்பு செய்ய வழியே கிடையாது. பின்னாளில் காயில்களைத் தனித்தனியாகவும் பயன்படுத்த நாலு கம்பிகளை வெளியே விட்டபோது, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் வைத்துக்கொண்டது.

டங்கன் முறையில் கறுப்பும் வெள்ளையும் ஒரு காயில், பச்சையும் சிவப்பும் இன்னொரு காயில். கறுப்பு வால்யூம் குமிழுக்குப் போகும், வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி மூட வேண்டும், பச்சை கிரவுண்டுக்கு. டிமார்சியோ என்ற இன்னொரு கம்பெனியின் முறையில் சிவப்பும் கறுப்பும் ஒரு ஜோடி, பச்சையும் வெள்ளையும் மறு ஜோடி. அங்கே சிவப்புதான் வால்யூமுக்கு, கறுப்பும் வெள்ளையும் சேரும், பச்சை கிரவுண்டு. உறையில்லாத கம்பி இரண்டிலுமே கிரவுண்டுக்குத்தான்.

எல்லாக் கம்பிகளையும் கழற்றி மீட்டரை வைத்தேன். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே முள் அசையவே இல்லை. கறுப்புக்கும் சிவப்புக்கும் வைத்தால் சுமார் 4 கிலோ ஓம். ஆக, இது டங்கன் ஜோடியே இல்லை. கடைக்காரர் டங்கன் வரைபடத்தைப் பார்த்து அப்படியே பற்றவைத்திருக்கிறார். அதனால் ஒரு காயில் தலைகீழாகிவிட்டது: ஒலி அடித்துக்கொண்டு செத்தது, இரைச்சல் இரண்டு மடங்காகக் கூடியது. மொத்த ஓம் மட்டும் மாறாது, 8.1 தான். மீட்டர் பொய் சொல்லவில்லை, அதனிடம் அவர் கேட்ட கேள்விதான் தப்பு.

இதே இக்கட்டில் இருப்பவர்களுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் எந்த இரண்டு கம்பிகள் ஒரு காயில் என்று மீட்டரால் ஜோடி பிரியுங்கள். பிறகு ஒரு ஜோடியில் மீட்டரை வைத்தபடியே, அந்தக் காயிலின் மேலே தெரியும் காந்த முனைகள் மேல் ஒரு ஸ்க்ரூடிரைவரைப் படக்கென்று வையுங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும். எடுக்கும்போது எதிர்ப்பக்கம் துள்ளும். வைக்கும்போது முள் வலது பக்கம் போகிற மாதிரி மீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளை மாற்றிப் பிடித்து, சிவப்பு முனை எந்தக் கம்பியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த காயிலுக்கும் அப்படியே. முதல் காயிலில் குறித்த கம்பி வால்யூமுக்கு. அதன் ஜோடிக் கம்பியை இரண்டாவது காயிலில் குறித்த கம்பியோடு சேருங்கள். மிச்சமிருப்பது கிரவுண்டு. நிறத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். டிஜிட்டல் மீட்டரில், முக்கியமாகத் தானே ரேஞ்ச் மாறும் வகையில், இந்தத் துள்ளல் சரியாகத் தெரியாது. முள் மீட்டரே மேல்.

என் விஷயத்தில் கறுப்பையும் சிவப்பையும் இடம் மாற்றினேன், அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. ஆம்பை ஆன் செய்ததும் இரைச்சல் அடங்கி, இ மைனர் கார்டு நெஞ்சில் வந்து மோதியது. பிக்கப் நல்ல பிக்கப்தான், உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும். ஆனால் நான் காசு கொடுத்தது அந்தப் பெயருக்கு.

கிடாரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். டெக்னீஷியன் "கலரு மாறி வந்திருக்கு தம்பி, நாங்க என்ன பண்றது" என்றார். ஜோடி பார்த்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. புதுப் பிக்கப் ஆர்டரை ரத்து செய்யச் சொன்னேன். முன்பணம் திரும்பாதாம், வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு ஸ்ட்ரிங் எடுத்துக்கொள்ளலாமாம். நான் போடுவது 10 கேஜ் தடிமன். அங்கே இருந்ததெல்லாம் 9. இரண்டு செட் மட்டும் எடுத்துக்கொண்டேன், மீதிக்கு 10 வந்ததும் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதம் ஆகிறது.