லிஃப்டில் ஏறி மலையில் இறங்கும் சைக்கிள்: புதுச்சேரிக் கடற்காற்றில் வைத்து ஆல்ப்ஸில் ஓட்டுவோரின் நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

பனிச்சறுக்கு ஊர்களில் பனி உருகியதும் அதே லிஃப்டுகள் கோடையில் சைக்கிள்களை ஏற்றத் தொடங்கிவிடும். மிதித்து ஏறவே வேண்டாம், நாள் முழுக்க இறக்கம்தான். பிரான்சில் அண்ணனோ அத்தையோ இருக்கிற புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் பயணத்தோடு இதைச் சேர்த்துக்கொள்வது சுலபம். இங்கே சொல்வது பிரான்ஸ், சுவிஸ் எல்லையில் 12 ஊர்களைச் சேர்த்த போர்ட் து சொலெய் பகுதியை வைத்து. மோர்சீன், லே ஜே, ஷாத்தெல் எல்லாம் அதற்குள் வரும். மலை சைக்கிள் உலக சாம்பியன்ஷிப் 2004-லும் 2022-லும் லே ஜே-யில்தான் நடந்தது.

புதிதாகப் போகிறவர்கள் சஸ்பென்ஷனைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆனால் லிஃப்ட் ஏற்றிவிடும் இடத்தில் வண்டி தேய்வது முதலில் பிரேக்கில். கணக்குப் போட்டால் புரியும். மோர்சீனில் பிளேனே லிஃப்ட் ஏற்றும் உயரம் 500 மீட்டருக்கு மேல். ஆளும் வண்டியும் கவசமும் சேர்த்து 95 கிலோ என்றால் ஓர் இறக்கத்தில் வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 465 கிலோஜூல். 20 டிகிரியில் இருக்கும் 1.4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் ஒரு பங்கு காற்றிலும் டயரிலும் போனாலும், பெரும்பகுதி இரண்டு டிஸ்க்குகளில்தான் சூடாக இறங்குகிறது. பத்து முறை இறங்கினால் 5,000 மீட்டர். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு நான்கு முறை இறங்கியதற்குச் சமம், அதுவும் தார்ச்சாலையில் அல்ல, வேரும் கல்லும் நிறைந்த பாதையில்.

புதுச்சேரி, கடலூர் வண்டிகளுக்குத் தனிச் சிக்கல் இருப்பதும் பிரேக்கில்தான். பிரேக்கில் ஊற்றும் டாட் (DOT) வகை எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 5.1 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 260 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் தரநிலை கேட்பது 180 மட்டுமே. டாட் 4 என்றால் 230, பிறகு 155. கடற்கரை ஈரக்காற்றில் ஒரு வருஷம் நின்ற வண்டியை அப்படியே பெட்டியில் கட்டிக்கொண்டு போனால், நீண்ட இறக்கத்தில் எண்ணெய்க்குள் ஆவி உண்டாகி லீவர் கைப்பிடி வரை வந்தும் பிரேக் பிடிக்காது. உள்ளூர்ச் சாலையில் பழுது இருப்பதே தெரியாது, ஏனென்றால் நம் சமதளத்தில் பிரேக் அந்தச் சூட்டுக்குப் போவதே இல்லை. மினரல் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சாது. ஆனாலும் உள்ளே புகுந்த நீர் தாழ்ந்த இடமான கேலிப்பரில் (சக்கரத்தருகே டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதி) தங்கி 100 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே எந்த எண்ணெயாக இருந்தாலும் கிளம்புவதற்கு முன் ஊரிலேயே முழுதாக மாற்றிவிடுங்கள். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள்: சீல்கள் ஊதிப்போய் பிரேக்கே வீணாகும். லீவரிலோ கேலிப்பரிலோ எந்த எண்ணெய் என்று எழுதியிருக்கும்.

டிஸ்க்கை அழுத்தும் பேட் சின்டர்டு (தூளைச் சூட்டில் இறுக்கிய) உலோகமாகவே இருக்கட்டும். ரெசின் பேட் மென்மையாகப் பிடிக்கும், ஆனால் சூட்டில் பிடி தளரும், மழைச் சேற்றில் சீக்கிரம் கரையும். ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துப் போங்கள், பின் பேட்தான் முதலில் போகும். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ., 1.5-க்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும். கடற்காற்றில் டிஸ்க் மேல் படியும் மெல்லிய துரு சில பிடிகளில் போய்விடும், அதற்குக் கவலை வேண்டாம். சங்கிலிக்கு அடித்த ஸ்பிரே டிஸ்க்கில் தெறிப்பதுதான் மோசம். பேட் ஊறிவிட்டால் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

புதுப் பேட்டைப் பழக்க நம் பக்கம் சரிவு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். கடலூரில் கேப்பர் மலைச் சாலை போதும். மணிக்கு 25 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், இருபது முறை குறையுங்கள். முன்னும் பின்னும் தனித்தனியாக. முழுதாக நிற்க வேண்டாம், சூடான பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டி அதிர்வு வரும்.

விமானத்துக்குக் கட்டும்போது டிஸ்க்குகளைக் கழற்றித் தனியாகத் துணிகளுக்கு நடுவே வையுங்கள். கேலிப்பருக்குள் பிளாஸ்டிக் தகடு கட்டாயம். அது இல்லாமல் யாராவது லீவரை அழுத்தினால் பிஸ்டன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின் கியர் மாற்றியைக் கழற்றிச் சட்டத்துக்குள் கட்டுங்கள், அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் ஒன்று மாற்றாகப் பையில் இருக்கட்டும். உங்கள் மாடலுக்கான ஹேங்கர் அந்த ஊர்க் கடையில் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. டவுன்ஹில் வண்டி 16, 17 கிலோ, நல்ல பை 7, 8 கிலோ. 23 கிலோ வரம்பைத் தாண்டிவிடும், ஆகவே கூடுதல் எடைக்கு முன்கூட்டியே பணம் கட்டுங்கள்.

காற்றழுத்தம் பலரையும் குழப்புகிறது. 35 டிகிரியில் புதுச்சேரியில் 80 பிஎஸ்ஐ காற்று அடித்த ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்), 10 டிகிரிக் காலைக் குளிரில் 72 போல் இறங்கும். 2,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று அழுத்தம் குறைவதால் அளவி 3 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். ஊரில் வைத்த சாக் (ஆள் ஏறியதும் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு) அங்கே பொருந்தாததற்கு இதுவே காரணம். கவசமெல்லாம் போட்டுக்கொண்டு மலையில் திரும்ப அளந்து பாருங்கள்: பின்னால் 28 முதல் 30 சதவீதம், முன்னால் 18 முதல் 20. பம்ப் மாட்டும்போது குழாய்க்குள் கொஞ்சம் காற்று போகும், அதனால் அளவி சற்றுக் குறைத்துக் காட்டுவது இயல்பு. டயரில் இரட்டைப் படலம் கொண்ட டவுன்ஹில் வகையே வேண்டும். 75 கிலோ ஆளுக்கு முன்னால் 23, பின்னால் 26 பிஎஸ்ஐ-யில் தொடங்கலாம். டயர் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் நம் வெயிலில் இரண்டு மாதத்தில் காய்ந்து ரப்பர்த் துணுக்காகிவிடும், கிளம்பும் வாரம் பழையதை உரித்து 100 மில்லி புதிதாக ஊற்றுங்கள்.

ஆகஸ்டில் ஒவ்வொரு வளைவின் வாயிலிலும், பலரும் பிரேக் பிடித்துப் பிடித்து உண்டான பள்ளங்கள் வரிசையாக விழுந்திருக்கும். அங்கே பிரேக் பிடித்தபடி போனால் ஃபோர்க் அமுங்கியே கிடக்கும், முன்கை கல்லாக இறுகிவிடும். பள்ளத்துக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் ஒரே விரலால் வலுவாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பள்ளத்துக்குள் விட்டுவிட வேண்டும். லேசாக இழுத்துக்கொண்டே இறங்குவதுதான் டிஸ்க்கை வேகவைக்கும் பழக்கம். அங்கே நீலம் என்று குறித்த சுலபப் பாதையும் மழைக்குப் பின் கடினமான சிவப்புப் பாதை மாதிரி வழுக்கும். முதல் நாள் மதியத்தோடு நிறுத்துவது நல்லது, விரல்கள் களைத்த பிறகுதான் பெரும்பாலும் விழுகிறார்கள்.

தலைக்கு முழுமுகக் கவசம், ஏஎஸ்டிஎம் எஃப்1952 தர முத்திரை பார்த்து வாங்குங்கள். பயணக் காப்பீட்டில் லிஃப்ட் வழி இறக்க சைக்கிள் ஓட்டம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், ‘சைக்கிள்’ என்று பொதுவாக இருந்தால் போதாது.

வருஷத்துக்கு ஒரு வாரம்தான் போவீர்கள் என்றால் வண்டியை அங்கேயே வாடகைக்கு எடுப்பதே எங்கள் தீர்ப்பு. பெடல், ஷூ, கவசம் மட்டும் இங்கிருந்து போகட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் சொந்த வண்டி பிரயோஜனப்படும், ஆனால் திரும்பியதும் வேலை இருக்கிறது. லிஃப்ட் நாட்களில் மணிக்கணக்கு வேகமாக ஏறும். ஃபோர்க் கீழ்க்கால் எண்ணெயை மாற்றத் தயாரிப்பாளர் ராக்ஷாக்ஸ் சொல்லும் 50 மணி நேரம் இரண்டு வாரத்திலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரே உப்பு என்பதால் வண்டியைக் குடிதண்ணீரில் கழுவுங்கள், அழுத்தக் குழாய் வேண்டாம். ஹெட்செட்டின் (ஃபோர்க் சட்டத்தில் திரும்பும் இடம்) கீழ் பேரிங்கையும், பின் சஸ்பென்ஷன் மடங்கும் பிவட் பேரிங்குகளையும் திறந்து மரைன் கிரீஸ் வையுங்கள். அலுமினியத்துக்குள் போகும் எஃகுத் திருகு ஒவ்வொன்றையும் கழற்றி கிரீஸ் தடவிப் பூட்டுங்கள், இல்லையென்றால் வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் உப்பு இரண்டையும் ஒன்றாகப் பிடித்துவிடும். அதன்பின் மொட்டை மாடிக் கொட்டகையில் நிறுத்தாமல் உள்ளறையில் தொங்கவிடுங்கள்.