மேக்ரியம் ரிஃப்ளெக்ட் நெடுநாள் பயன்பாட்டில்: இமேஜ் அளவு சொல்லும் சேதி

மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற விண்டோஸ் பேக்கப் மென்பொருளில் தொடர்ந்து பேக்கப் எடுப்பவர்கள் இமேஜ் கோப்பின் (டிரைவை அப்படியே ஒரே கோப்பாக எடுத்த நகல்) அளவை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பேக்கப்பில் எதுவும் விடுபட்டதா, வேண்டாதது சேர்ந்ததா என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

1 டிபி டிரைவை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் பெருக்குகிறது. இடம் எங்கும் காணாமல் போகவில்லை. அந்த 931இல் 200 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றால் இமேஜுக்குக் கணக்கு 200இலிருந்துதான் தொடங்கும். வழக்கமான அமைப்பில் ரிஃப்ளெக்ட் தரவு உள்ள செக்டர்களை (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) மட்டுமே படிக்கும். ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ்ஃபைல், ஹைபர்னேட் செய்யும்போது ரேமில் இருப்பதைச் சேமிக்கும் ஹைபர்னேட் கோப்பு இரண்டின் உள்ளடக்கத்தையும் விட்டுவிடும். 16 ஜிபி ரேம் இருந்தால் ஹைபர்னேட் கோப்பு மட்டுமே 6 ஜிபியைத் தாண்டும், ஆக அதிலேயே நல்ல மிச்சம்.

மீதியில் எவ்வளவு சுருங்கும் என்பது உள்ளே இருப்பதைப் பொறுத்தது. விண்டோஸும் புரோகிராம்களும் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கலாம். ஜேபெக் படங்கள், எம்பி4 வீடியோக்கள், ஜிப் கோப்புகள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அசையாது. அந்த 200 ஜிபியில் 120 ஜிபி வீடியோ என்றால் 160 முதல் 170 ஜிபி வரை எதிர்பார்க்கலாம். கம்ப்ரெஷனை மீடியத்திலேயே விடுங்கள். ஹை வைத்தால் பிராசஸருக்கு வேலை கூடும் அளவுக்கு இடம் மிஞ்சாது.

நிரம்பிய இடம் எவ்வளவு என்பதை டிரைவின் பிராப்பர்ட்டீஸில் மட்டும் பாருங்கள். சி டிரைவின் ஃபோல்டர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துக் கூட்டினால் தொகை ஒத்துப்போகாது. விண்டோஸில் ஒரே கோப்பு ஹார்ட்லிங்க் மூலம் பல இடங்களில் தெரியும், ஒவ்வொன்றும் தனியாக எண்ணப்படும்.

எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிதாக, ஏறக்குறைய முழு டிரைவ் அளவுக்கே இமேஜ் வந்தால் முதலில் டிரைவை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் இல்லாமலே ரிஃப்ளெக்டைத் திறக்க உதவும் ரெஸ்க்யூ பென் டிரைவிலிருந்து பூட் செய்து, பூட்டு திறக்காத பார்டிஷனை இமேஜ் எடுத்தால் எது தரவு, எது காலி இடம் என்று மென்பொருளுக்குத் தெரியாது. எல்லா செக்டரையும் அள்ளிக்கொள்ளும். என்கிரிப்ட் ஆனது சுருங்கவும் செய்யாது. ரெஸ்க்யூ மீடியா உருவாக்கும்போதே பிட்லாக்கரைத் தானாகத் திறக்கும் விருப்பத்தை டிக் செய்துவிடுங்கள். விண்டோஸ் ஓடும்போது எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அந்த இமேஜுக்குள் தரவு என்கிரிப்ட் ஆகாமல் இருக்கும் என்பதால் அதற்குத் தனியாகப் பாஸ்வேர்டு போட வேண்டும்.

சிறிதாக வருவதுதான் உண்மையில் ஆபத்து. ஒன்டிரைவில் மேகக் குறி காட்டும் கோப்புகளுக்கு டிஸ்க்கில் பெயர் மட்டுமே இருக்கிறது. இமேஜிலும் பெயர் மட்டுமே போகும். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘சைஸ்’, ‘சைஸ் ஆன் டிஸ்க்’ இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது வெகுவாகக் குறைந்திருந்தால் ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுத்து, எல்லாம் இறங்கி முடிந்த பிறகு பேக்கப் எடுங்கள்.

முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கும் இன்க்ரிமென்டல் பேக்கப், கோப்பு கோப்பாக அல்லாமல் பிளாக் (டிஸ்க்கின் துண்டு) அளவில் நடக்கிறது. 50 ஜிபி வீடியோவை அதே டிரைவில் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் கிட்டத்தட்ட எதுவும் கூடாது, தரவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை டிஃப்ராக் செய்தாலோ (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது), கோப்பு எதுவும் மாறாமலே பிளாக்குகள் இடம்மாறி அன்றைய இன்க்ரிமென்டல் வீங்கிவிடும். விண்டோஸின் வாராந்திர ஆப்டிமைஸ் அட்டவணை இதைச் சத்தமில்லாமல் செய்யும். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பழைய விண்டோஸை வைத்திருக்கும் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர் சுமார் பத்து நாள் கிடக்கும். முழு பேக்கப்பை அது நீங்கிய பின் எடுத்தால் அந்தச் சுமை ஏறாது.

எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்கும்போது இன்னொரு கணக்கும் உண்டு. வழக்கமாக ரிஃப்ளெக்ட் புதிய முழு இமேஜை எழுதி முடித்த பிறகே பழையதை நீக்கும். இரண்டு முழு இமேஜ் வைத்திருக்க நினைத்தால் மூன்றுக்கு இடம் வேண்டும், இன்க்ரிமென்டல்கள் அதற்கு மேல். பேக்கப்புக்கு முன்பே பழையதை நீக்கும் விருப்பமும் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள், புதியது பாதியில் நின்றுபோனால் பழையதும் கையில் இருக்காது.