'சேஸ் பெண்டு சார்' என்றால் உடனே தலையாட்டி விடாதீர்கள்

ஹைவேயில் அடிக்கடி பைக்கில் போகிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள். ஒரே கடையில் இரண்டு தடவை பணத்தைக் கொட்டிவிட்டு, மூன்றாவது தடவை மயிரிழையில் தப்பித்தவன் எழுதுகிறேன்.

என்னுடையது 350 சிசி வண்டி. ஆறு வருடத்தில் 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் இரண்டு முறை தாம்பரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை பக்கம் இருக்கும் ஊருக்குப் போய் வருவேன். பொங்கல் முடிந்து திரும்பும்போது பின்னால் மனைவி, அவளுக்குப் பின்னால் கேரியரில் கால் மூட்டை அரிசி. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி 80-ஐத் தொட்டதும் வண்டி வாலாட்ட ஆரம்பித்தது. முதலில் காற்று என்றுதான் நினைத்தேன். ஆட்டம் கூடவே, பயத்தில் முன் பிரேக்கை அழுத்திவிட்டேன். அதுதான் தப்பு. ஆட்டம் இரட்டிப்பாகி, பக்கத்து லேனுக்கே போய்விட்டது வண்டி. பின்னால் வந்த லாரிக்காரர் எப்படி ஒதுங்கினார் என்று இன்றுவரை தெரியவில்லை. வேகம் 50-க்கு இறங்கியதும் ஒன்றும் நடக்காத மாதிரி நேராக ஓடியது. மேல்மருவத்தூர் வந்ததும் மனைவி எதுவும் பேசாமல் இறங்கி பஸ் ஏறிவிட்டாள். நானும் அரிசியும் தனியாக வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாளே வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கண்ணாடி அறை, ஏசி, காத்திருந்தால் காபி. பெயர் வேண்டாம். சூப்பர்வைசர் நான் சொல்லி முடிக்கும் முன்பே "கோன் செட் போயிருக்கும் சார்" என்றார். ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்கைத்தான் அப்படிச் சொல்வார்கள். கோன் செட், லேபர் 1,650; முன் ஃபோர்க் ஆயில் மாற்றியதற்குத் தனியாக 900. "ஓட்டிப் பார்த்தாச்சு சார், பட்டு மாதிரி இருக்கு" என்று சாவியைக் கொடுத்தார். எங்கே ஓட்டிப் பார்த்தார்கள்? கடைத் தெருவில், ஸ்பீட் பிரேக்கருக்கும் ஸ்பீட் பிரேக்கருக்கும் நடுவில். 80-இல் வருகிற வியாதி 30-இல் எப்படித் தெரியும்? அதைக் கேட்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஊர்ப் பயணத்தில் அதே ஆட்டம். திரும்பப் போனால் "முன் டயர் ஒரு பக்கமா தேஞ்சிருக்கு சார்." புது டயர், 2,900. பழைய டயரில் இன்னும் பாதி கட்டை இருந்தது, அதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பணம் கொடுத்த ஆறாம் நாள் திண்டிவனம் பைபாஸில் மறுபடியும் வாலாட்டம்.

மூன்றாவது தடவைதான் அந்தப் பெரிய வார்த்தை வந்தது. "சேஸ் பெண்டு சார். எங்கயாவது விழுந்தீங்களா?" அதாவது, வண்டியின் அடிச் சட்டமே வளைந்துவிட்டதாம். இந்த வண்டி ஸ்டாண்டில் இருந்துகூட விழுந்ததில்லை. "உங்களுக்குத் தெரியாம யாராவது இடிச்சிருப்பாங்க" என்று 14,000 ரூபாய்க்கு ஒரு எஸ்டிமேட் எழுதி நீட்டினார். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பியதற்குக் காரணம் என் புத்திசாலித்தனம் இல்லை, மாதக் கடைசி.

வண்டியை 50-க்கு மேல் முறுக்காமலே விழுப்புரம் வரை உருட்டிக்கொண்டு போய், மச்சானுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஹேண்டில் படபடன்னு ஆடுதா தம்பி, இல்ல சீட்டுக்கு அடியில மெதுவா அலையிற மாதிரி இருக்கா?"

"சீட்டுக்கு அடியிலதாண்ணே."

"அப்புறம் எதுக்கு எல்லாரும் முன்னாடியே நோண்டிட்டு இருந்தாங்க?"

மூன்று தடவை போன இடத்தில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. கையில் சடசடவென்று வேகமாக வரும் உதறல் பெரும்பாலும் முன்பக்கக் கோளாறு: கோன் செட், முன் டயர், முன் வீல் பேரிங். முழு வண்டியும் மீன் வால் மாதிரி மெதுவாக இடவலம் அலைந்தால் முதலில் பின்னால் தேட வேண்டுமாம். பின்பக்கம் பாரம் ஏற ஏற இந்த ஆட்டம் கூடும் என்றார். அரிசி மூட்டை ஞாபகம் வந்தது.

முதலில் காற்றைப் பார்த்தார். பின் டயரில் 22 psi. இரண்டு பேர் போனால் 32 வேண்டிய வண்டி! அதை மட்டும் சரிசெய்து அனுப்பியிருந்தால்கூட ஆட்டம் கொஞ்சம் அடங்கியிருக்கும். பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, என்னைப் பின்னால் அமுக்கச் சொல்லி, முன் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தார். 'டக்' சத்தம் இல்லை. ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். எங்கும் சிக்கவில்லை. முன்பக்கம் சுத்தம்.

"புதுக் கோன் செட்டுண்ணே, போன மாசம்தான் மாத்தினாங்க" என்றேன். அவர் டார்ச்சை ஹேண்டிலுக்குக் கீழே அடித்துக் காட்டினார். கம்பெனியில் நட்டின் மேல் போட்டுவிடும் மஞ்சள் பெயிண்ட் கோடு, நட்டையும் பக்கத்துப் பட்டையையும் சேர்த்து அறுபடாமல் அப்படியே இருந்தது. கழற்றியிருந்தால் கோடு விலகியிருக்கும். ஆறு வருடமாக அந்த நட்டில் யாரும் ஸ்பானர் வைக்கவே இல்லை.

பின்னால் வந்தோம். வீலைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் லேசாக ஏதோ அசைந்தது. வீல் பேரிங்கா, ஸ்விங் ஆர்மா (பின் வீலை வண்டியோடு இணைக்கும் கை) என்று அப்படியே சொல்ல முடியாதாம். ஷாக் இரண்டையும் கழற்றிவிட்டு, ஸ்விங் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் என் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். அவர் ஆட்டியபோது விரலுக்கு அடியில் இரும்பு நகர்ந்தது தெளிவாகத் தெரிந்தது. அந்த மூட்டில் ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் வளையமான புஷ் வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. ஷாஃப்டில் கிரீஸுக்குப் பதில் துரு. "வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் தண்ணிய உள்ள அடிச்சிட்டு, கிரீஸ் வைக்காம விட்டா இப்படித்தான்."

புஷ், ஷாஃப்ட், லேபர் எல்லாம் சேர்த்து 1,400. சேஸ் நேராகத்தான் இருந்தது. (அவரும் சொன்ன நாளில் வண்டியைத் தரவில்லை, இரண்டு நாள் இழுத்தடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) தேய்ந்த புஷ்ஷை நான் கேட்காமலே ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். இனி எங்கே போனாலும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குவதாக இருக்கிறேன். முதல் நாளே கோன் செட்டைக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆடும்போது பிரேக்கைத் தொடாமல், முழங்காலால் டேங்கை இறுக்கி, ஹேண்டிலோடு மல்லுக்கட்டாமல், ஆக்ஸிலேட்டரை மெதுவாக விடச் சொன்னதும் அவர்தான்.

மஞ்சள் கோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். "பையன் மாத்தி பில் போட்டுட்டான் சார்" என்றார் சூப்பர்வைசர். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியப் போகிறேன் என்றதும் மேனேஜரே வெளியில் வந்தார். 1,650 அங்கேயே ஜிபேயில் திரும்பி வந்தது. ஃபோர்க் ஆயிலை மாற்றினார்களா என்பதற்கு மஞ்சள் கோடு மாதிரி சாட்சி இல்லாததால் அந்த 900 போனது போனதுதான். டயர் பணமும் அப்படியே.

போன ஞாயிறு விக்கிரவாண்டியில் 85 வரை போய்ப் பார்த்தேன், அசைவே இல்லை. மனைவி இன்னும் பஸ்ஸில்தான் வருகிறாள்.