எர்டிகா ஆட்டோமேட்டிக்: ஆறு வருடம் லீவரை ‘2’-க்கு இழுத்ததில் தெரிந்தது

எனக்கு ஊர் தேவகோட்டை. வண்டி ஓட்டுகிறவன் கணக்கில் எங்கள் பக்கத்தில் ஏற்ற இறக்கம் என்றால் கண்மாய்க்கரை ஏறி இறங்குவதுதான். அப்படிப்பட்ட சமதரைக்காரன் ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் குறைத்து வேகம் குறைப்பதைப் பற்றி என்ன எழுதிவிடப் போகிறான் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் வருடத்துக்கு மூன்று நான்கு தடவையாவது கொடைக்கானலோ சிறுமலையோ போகிறோம், போகும்போதெல்லாம் ஆறு பேர், மூட்டை முடிச்சு, முறுக்குத் தூக்கு எல்லாம் வண்டியில் இருக்கும். அதனால் இந்த விஷயத்தில் பட்டுத் தெரிந்தது கொஞ்சம் உண்டு.

வண்டி 2019 கடைசியில் எடுத்த எர்டிகா பெட்ரோல், 4 கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகை (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக எஞ்சின் விசையைக் கடத்துவது). 82,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. (2022-க்கு அப்புறம் வந்தது 6 கியர், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் வைத்தது, அது வேறு கதை.) என் வண்டியில் சாதாரண ஓட்டத்துக்கான டி-க்குக் கீழே 2 (இரண்டாம் கியருக்குமேல் ஏறாது), அதற்கும் கீழே எல் (முதல் கியர் மட்டும்). லீவர் குமிழின் பக்கவாட்டில் சின்னதாக ஓவர்டிரைவ் பட்டன் ஒன்று. வாங்கிய முதல் ஒரு வருடம் இந்த மூன்றையும் நான் தொட்டதே இல்லை. டெலிவரி கொடுத்த பையன், “டி-யில போட்டுட்டு மறந்துருங்க சார்” என்றான். நானும் மறந்துவிட்டேன்.

மறந்ததன் பலன் முதல் கொடைக்கானல் பயணத்தில் தெரிந்தது. ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. இறங்கும்போது டி-யிலேயே விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். டம் டம் பாறை நெருங்கும்போது ஆத்தா, “என்னடா, அடுப்புல துணி கருகுற மாதிரி வாடை வருது” என்றார்கள். முன்னால் போகிற லாரியாக இருக்கும் என்றேன். அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிட நன்றாக உள்ளே போனது. மிதித்தால் கெட்டியாக நிற்க வேண்டிய இடத்தில் பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கியது. வாடை எங்கள் வண்டியில்தான் என்று அப்போதுதான் உறைத்தது. இருந்த பிடிப்பை வைத்து மெல்ல ஓரம் கட்டினேன். முன் சக்கரத்துப் பக்கம் கையை நீட்டினால் அடுப்பு மாதிரி அனல். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றப் போனேன், பக்கத்தில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தவர் ஓடி வந்து தடுத்தார். “ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிக்கும். சும்மா அரை மணி நேரம் நில்லுங்க.” நின்றோம். ஆளுக்கு இரண்டு சோளம் சாப்பிட்டோம். அவருக்கு இது தினசரி வியாபாரம்போல, மறுபடி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு வண்டி எடை சுமார் 1,600 கிலோ. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம்; வத்தலக்குண்டு சமதரைக்கு வரும்போது 1,700 மீட்டருக்குமேல் இறங்கியிருப்போம். அந்த இறக்கத்தில் வெளியே போக வேண்டிய சக்தியை வீட்டு மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏழு யூனிட்டுக்கு மேல். காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை யாராவது தின்றாக வேண்டும். டி-யில் விட்டால் பெரும்பாலும் பிரேக்தான் தின்னும். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் போதும், ஓட்டுநர் நிதானமாகப் போக ஆசைப்படுகிறார் என்று நினைத்து என் கியர்பாக்ஸ் 4-க்கு ஏறிவிடும், எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற பிடிப்பு பேருக்குத்தான் இருக்கும். பிரேக் ஆயில் பழசாகி ஈரம் குடித்திருந்தால் இன்னும் மோசம். டாட் 3 என்கிற ரகப் பிரேக் ஆயில் புதிதில் 205 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் ஏறியதற்கு 140 டிகிரிதான் கணக்கு. அதற்குமேல் சூடானால் உள்ளே ஆவிக் குமிழி, பெடல் பஞ்சாகும். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை நானே கேட்டு மாற்றுகிறேன்.

லீவரை எனக்குப் பழக்கிவிட்டவர் எங்கள் வீட்டுப் பழைய டிரைவர் அண்ணன். அப்பச்சிக்கு இருபது வருடம் அம்பாசடர் ஓட்டியவர், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆட்டோமேட்டிக் வண்டியை வாழ்நாளில் ஓட்டியதில்லை. நடந்ததைச் சொன்னதும், “தம்பி, எந்த கியர்ல ஏறுனீகளோ அந்த கியர்லதான் இறங்கணும். இதுல கியரே இல்லையா?” என்றார். இருக்கிறது அண்ணே, நான்தான் தொடவில்லை என்றேன். சிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த முறை பழகிக்கொள்ளத்தான் சிறுமலை போனேன். திண்டுக்கல் பக்கம், 18 கொண்டை ஊசி வளைவு, கொடைக்கானலைவிடச் சின்னது, பழகுவதற்கு ஏற்ற மலை. அங்கே கண்டுபிடித்த முறைதான் இன்று வரை. இறக்கம் தொடங்கும் முன்பே, வேகம் கூடாத போதே, ஓவர்டிரைவ் பட்டனை அமுக்கிவிடுவேன், மீட்டரில் ஓ/டி ஆஃப் விளக்கு எரியும், வண்டி 3-க்குமேல் ஏறாது. செங்குத்தான பகுதி வந்தால் பிரேக்கில் 40-க்குக் கீழே கொண்டுவந்து லீவரை 2-க்கு இழுப்பேன். ஒரு நொடி ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், அப்புறம் எஞ்சின் “ம்ம்ம்” என்று குரல் கொடுக்கும், எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் 2,400 பக்கம் போய் நிற்கும், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி அடங்கும். எல் எனக்குத் தேவைப்பட்டது இரண்டே முறை, இரண்டும் எஸ்டேட் மண் பாதையில், 20-க்குக் கீழே வேகத்தில். 60-ல் போகும்போது எல்-க்கு இழுத்துப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பார்க்காமல் போனால் பில் நமக்குத்தான் வரும்.

அந்தச் சத்தத்துக்குத்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். என் மனைவியும் முதலில், “வண்டி கத்துது, மாத்துங்க” என்றாள். சிவப்புக் கோட்டுக்கு ரொம்பத் தள்ளி இருக்கிற 2,500 ஆர்பிஎம் எஞ்சினுக்குப் பெரிய விஷயமே இல்லை. பெட்ரோலும் வீணாகாது. கால் எடுத்து, கியரில் இறங்கும்போது இன்ஜெக்‌ஷன் தானாக நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, மூடிய காற்றுவாய் வழியாகக் காற்றை உறிஞ்சப் பிஸ்டன் படுகிற பாடுதான் நமக்குப் பிரேக். நியூட்ரலில் விட்டு இறக்கினால் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் குடிக்கும். அதோடு பிடிப்பும் போய்விடும்.

இதற்கு அப்புறம் நான் செய்தது ஒரு கிறுக்குத்தனம். பழக்கம் ருசித்துப்போய், ஊருக்குள்ளேயும் ஆரம்பித்தேன். தேவகோட்டை–காரைக்குடி ரோட்டில் வேகத்தடை வந்தால் 2, மாடு குறுக்கே வந்தால் 2, சிக்னலுக்கு 2. ஏழெட்டு மாதம் இப்படி ஓடியது. லாபம் என்ன என்று கேட்டால், பிரேக் பேட் கொஞ்சம் குறைவாகத் தேய்ந்திருக்கலாம், அவ்வளவுதான். நட்டம் நிறைய. பின்சீட்டில் ஆத்தாவுக்குக் குலுக்கல். லீவரைப் பார்க்காமல் தட்டியதில் ஒருமுறை கீழே இழுப்பதற்குப் பதில் மேலே தள்ளி என்-னுக்கு, அதாவது நியூட்ரலுக்குப் போய்விட்டது. எல்லாவற்றையும்விடப் பெரியது, கியரில் வேகம் குறைந்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. அரியக்குடி பக்கம் ஒரு நாள், பின்னால் டிவிஎஸ் எக்ஸெல்லில் அரிசி மூட்டையோடு வந்தவர் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். இறங்கி வந்து அவர் பேசியதை இங்கே எழுத முடியாது, ஆனால் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. இப்போதெல்லாம் மலையிலும் கியர் குறைக்கும்போது பெடலை லேசாகத் தொட்டு விளக்கைக் காட்டிவிட்டுத்தான் குறைப்பது.

நிறுத்துவதற்கு பிரேக் இருக்கிறது, அதற்குத்தான் இருக்கிறது. முன் பேட் ஒரு செட் சில ஆயிரத்தோடு முடிகிற செலவு. கியர்பாக்ஸைப் பிரித்தால் அந்தக் கணக்கே வேறு. எனக்கு முதல் செட் பேட் 38,000-ல் மாறியது, இரண்டாவது செட் 81,000 வரை வந்தது. இதில் பாதிப் பெருமை நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் போக வேண்டும், கியருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

சமதரையில் எனக்கு இன்றும் உபயோகப்படுவது ஓவர்டிரைவ் பட்டன் ஒன்றுதான். தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடியில் இருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள் சிங்கம்புணரி, நத்தம் ரோட்டில் ஓரமாக நீளமாகப் போவார்கள். அந்தக் கூட்டத்தை ஒட்டி நிதானமாகப் போகும்போது டி-யில் விட்டால் கியர் மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கும். பட்டனை அமுக்கினால் அந்த அலைச்சல் குறைகிறது, காலை எடுத்தாலே வண்டி அடங்குகிறது.

கியர் ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. “இது மாத்தவே வேண்டாம் சார், ஆயுசுக்கும் இதுதான்” என்று நான் போகிற சர்வீஸில் சொன்னார்கள். யாருடைய ஆயுசு என்று கேட்டேன், பதில் இல்லை. 60,000-ல் பிடிவாதமாக மாற்றினேன். இறக்கியது பழுப்பாக, நாள்பட்ட தேநீர் நிறத்தில் இருந்தது. புதிது ரோஸ்மில்க் மாதிரி சிவப்பு. மாற்றிய பிறகு 2-க்கு இழுக்கும்போது இருந்த அந்த ஒரு நொடித் தயக்கம் பாதியாகக் குறைந்தது.

மச்சானிடம் ஏஎம்டி வண்டி (மேனுவல் கியரைத் தானே மாற்றிக்கொள்கிற வகை) இருக்கிறது, அதையும் ஒருமுறை சிறுமலையில் இறக்கினேன். உள்ளே கிளட்ச்தான் என்பதால் மேனுவல் பக்கம் தள்ளி மைனஸ் தட்டினால் பிடிப்பு இன்னும் நேரடியாக வருகிறது. மாறும் அந்த நேரத்தில் மட்டும் தலை முன்னே போய்ப் பின்னே வரும். வளைவுக்குள் தட்டாமல் வளைவுக்கு முன்பே தட்டிவிட்டால் சமாளிக்கலாம். மழை ஈரத்தில் இரண்டு வண்டியிலுமே ஒரேயடியாகக் குறைப்பது ஆபத்து, முன் சக்கரம் வழுக்கும்.

போன மாதம் டிரைவர் அண்ணனை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு சிறுமலை போய் வந்தேன். டிக்கியில் நாலு தார் மலைவாழை. 2-ல் போட்டு இறங்கினேன், பிரேக்கைத் தொட்டது வளைவுக்கு ஒருமுறை இருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் குரல் மாறும்போது, அவருடைய இடது கால் மட்டும், கிளட்சை மிதிக்கிற மாதிரி, கால்மிதியை ஒருமுறை அமுக்கி விட்டது.