வெயிலும் வராது, ஜிபிஎஸ்ஸும் வராது

கல் அடித்து முன் கண்ணாடியில் விரிசல் விட்ட நண்பன் ஒருவன் கேட்டான்: "உன் வண்டியில் வெப்பம் தடுக்கும் கண்ணாடிதானே போட்டிருக்கிறாய்? நானும் அதையே போடட்டுமா?" போடு, போடாதே என்று ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை. பதினான்கு மாத எரிச்சல் பாக்கி இருக்கிறது.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயில் விஷயத்தில் குறையே இல்லை. உச்சி வெயிலில் ஓட்டும்போது தொடைமேல் சுரீரென்று விழுந்த சூடு போயே போச்சு. ஏசியைப் பாதியில் வைத்தாலே போதுகிறது. மாட்டிய கடைக்காரரும் கெட்டிக்காரர். பசை இறுகும்வரை வண்டியை எடுக்க விடவில்லை. இரண்டு நாள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள், கதவை அடித்துச் சாத்தாதீர்கள் என்றார். கண்ணாடியின் மேல்பகுதியில், வண்டியோடு வந்த கேமராவையும் மறுபடி அளவு திருத்திக் கொடுத்தார். சாலையைப் படம்பிடிக்க நான் வைத்திருக்கும் டேஷ்கேமை எங்கே ஒட்டலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பழைய இடத்திலேயே ஒட்டினேன். சமிக்ஞை கிடைத்தால் பச்சையாக வேண்டிய அதன் ஜிபிஎஸ் விளக்கு பச்சையாகவே மாறவில்லை, சிவப்பில் சிமிட்டிக்கொண்டே இருந்தது. மென்பொருளைப் புதுப்பித்தேன், மெமரி கார்டை அழித்தேன், டேஷ்கேமைத் திட்டினேன். ஒருநாள் வெறுத்துப்போய் அதைக் கழற்றி, ஒயரோடு ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பச்சை. உள்ளே கொண்டுவந்து கண்ணாடியில் வைத்தேன். சற்று நேரத்தில் சிவப்பு.

முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு. என்னுடையதில் கூடவே கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு. வெயிலின் சூட்டைக் கொண்டுவரும் அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும் அந்தப் பூச்சு ரேடியோ அலையையும் திருப்பி அனுப்பிவிடுகிறது. 20,200 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து தடுமாறி வந்து சேரும் சமிக்ஞை, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத பூச்சில் முட்டி நின்றுவிடுகிறது. சுங்கச்சாவடியில் ரேடியோ அலையால் படிக்கும் டோல் ஸ்டிக்கர் கதையும் இதேதான். தடுப்பு தூக்காமல், பின்னால் ஹாரன் சத்தம் கேட்க, நான் வண்டியை முன்னும் பின்னும் உருட்டிய காட்சியை விவரிக்க விருப்பமில்லை.

இதற்கென்றே முன் கண்ணாடியில் பூச்சில்லாத ஒரு சின்ன இடத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். என் வண்டியில் அது, பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் உள் கண்ணாடிக்குப் பின்னால், கறுப்புப் புள்ளி புள்ளியாக, உள்ளங்கை அளவு. புது ஸ்டிக்கர் வாங்கி அங்கே ஒட்டினேன், வேலை செய்கிறது. டேஷ்கேமுக்கோ புள்ளிகள் சொரசொரப்பு. அதைக் கண்ணாடியில் பிடித்து நிறுத்தும் ரப்பர் சக்ஷன் கப் பிடிக்கும் இடத்தில் சமிக்ஞை இல்லை. சமிக்ஞை வரும் இடத்தில் சக்ஷன் கப் பிடிக்காது! இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி ஒருவழியாகப் பச்சை விளக்கைப் பார்த்தேன். போனை அங்கே கொண்டுபோக முடியாதே. அது டேஷ்போர்டில் உட்கார்ந்து, பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக ஏதோ கொஞ்சம் வாங்கிக்கொண்டு, நான் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகு "இடப்புறம் திரும்பவும்" என்கிறது.

சாதாரணக் கண்ணாடி போட்டு, மேலே ஃபிலிம் ஒட்டலாமா என்றும் நண்பன் கேட்டான். ஒட்டலாம், செராமிக் வகையாக இருந்தால். அதில் உலோகம் கிடையாது. உலோகம் கலந்த ஃபிலிம் என்றால் இதே தலைவலிதான். இன்னொன்று: டேப் ஒட்டுவது கண்ணாடியில் அல்ல, ஃபிலிமில். முந்தைய வண்டியில், டேப்பில் ஒட்டியிருந்த ஸ்டாண்டை அவசரமாகப் பிய்த்தேன். ஃபிலிமும் ஒரு துண்டு கையோடு வந்தது. ஹேர் டிரையரில் சூடுகாட்டி, நைலான் நூலை டேப்புக்குள் விட்டு மெல்ல அறுத்து எடுக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இத்தனை குளிர்ச்சியாக ஒரு கண்ணாடி எனக்கு வாய்த்ததில்லை. ஆனால் அடுத்த கல் அடித்தால் சாதாரணக் கண்ணாடியும் செராமிக் ஃபிலிமும்தான். நேற்றும் ஒரு திருப்பம் தவறிப்போய் நான்கு கிலோமீட்டர் சுற்றி வந்தேன். அந்த ஆத்திரத்தில் சொல்கிறேன் என்றே நண்பன் எடுத்துக்கொள்ளட்டும்.